பிறர் வாசலில் நிற்கும் வண்டி

தெருவோரம் பொதுச் சொத்து. வீட்டின் சுற்றுச்சுவர் முடியும் இடத்தில் வீட்டுக்காரரின் பத்திரமும் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ள மண், தார், நடைபாதை எல்லாம் ஊருக்குப் பொது. ஆனால் கேட்டைத் திறந்து தெருவுக்கு வரவும், தெருவிலிருந்து வீட்டுக்குள் போகவும் அங்கே குடியிருப்பவருக்கு உரிமை உண்டு. அதை மறிக்க எவருக்கும் அதிகாரமில்லை. வீட்டு வாசலில் வண்டி நிறுத்துவது பற்றி நகரங்களில் அன்றாடம் நடக்கும் சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருபவை. சுவரையொட்டி நிற்கும் வண்டியைப் பார்த்துச் சீறும் வீட்டுக்காரர் தனக்கில்லாத உரிமையைக் கோருகிறார். கேட்டை மறித்து வண்டியை விட்டுவிட்டு ‘ரோடு என்ன உங்க சொத்தா?’ என்று கேட்பவர் பிறருக்கு உள்ள உரிமையை மறுக்கிறார். வழக்கைப் பிரித்துப் பார்த்தால் பாதி சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் சட்டமும் அக்கம்பக்கத்தாரின் பொறுமையும் வேண்டியிருக்கிறது.

சென்னையின் பழைய குடியிருப்புப் பகுதிகளில் 20 அடித் தெரு சாதாரணம். அதன் அகலம் ஏறக்குறைய 6.1 மீட்டர். இன்று பரவலாக விற்கும் நடுத்தர எஸ்யூவி கார் ஒன்று 1.8 மீட்டர் அகலமும் 4.3 மீட்டர் நீளமும் கொண்டது. இருபுறமும் இப்படி ஒவ்வொரு கார் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றால் நடுவில் மிஞ்சுவது சுமார் 2 மீட்டர்தான். சைடு மிரர்களை மடக்காமல் விட்டிருந்தால் அதுவும் குறையும். ஆட்டோ போகும், சிறிய கார் மூச்சைப் பிடித்துக்கொண்டு போகும். ஆம்புலன்ஸ் நுழைவதே சிரமம். லாரிச் சட்டத்தின்மேல் கட்டப்பட்ட தீயணைப்பு வண்டி சுமார் 2.5 மீட்டர் அகலமுள்ளது. அது தெருமுனையிலேயே நின்றுவிடும். இரண்டு கார்க்காரர்களும் தனித்தனியே பார்த்தால் ஒழுங்காகத்தான் நிறுத்தியிருப்பார்கள். ஒருவருக்கு எதிரே மற்றவர் நிறுத்தியதுதான் தெருவை அடைத்தது.

கேட்டின் கணக்கு இன்னும் நுட்பமானது. பத்தடி அகலக் கேட்டிலிருந்து ஒரு கார் ரிவர்ஸில் வெளியே வரும்போது அது நேராகப் பின்னால் போனால் போதாது. பின்பக்கம் தெருவுக்கு வந்ததும் வளைந்து திரும்ப வேண்டும். சாதாரணக் கார் ஒன்று திரும்புவதற்குச் சுமார் ஐந்து மீட்டர் ஆரம் தேவை. தெருவின் முழு அகலமும் காலியாக இருந்தால் ஒரே வளைவில் வந்துவிடும். எதிர்ச் சுவரையொட்டி ஒரு கார் நின்றால் கிடைக்கும் இடம் நான்கு மீட்டரை ஒட்டிச் சுருங்குகிறது. அப்போது ஓட்டுபவர் கொஞ்சம் பின்னால் வந்து, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, மீண்டும் கேட்டுக்குள் நுழைந்து, மறுபடி பின்னால் வந்து என்று நாலைந்து முறை வெட்டி எடுக்க வேண்டும். கேட்டின் தூணை ஒட்டிப் பக்கத்திலும் ஒரு வண்டி நின்றால் அதுவும் முடியாது. ஆகவே கேட்டுக்கு நேர் முன்னால் நிறுத்துவது மட்டுமே மறிப்பு அல்ல. கேட்டின் இரு தூண்களையும் உரசி நிறுத்துவதும், குறுகிய தெருவில் எதிர்வாசலுக்கு நேரே நிறுத்துவதும் அதே பலனைத் தருகின்றன. ‘கேட்டை விட்டுத்தானே நிறுத்தியிருக்கேன்’ என்று பலர் மனதாரச் சொல்வது இந்த வளைவை அவர்கள் எண்ணிப் பார்க்காததால்தான்.

இந்த நெருக்கடி ஒருநாளில் வந்ததல்ல. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற இடங்களின் வீதிகள் நடப்பவருக்கும் மாட்டு வண்டிக்கும் சுவாமி புறப்பாட்டுக்குமாக அமைந்தவை. வீட்டுக்கும் வீதிக்கும் இடையே திண்ணை இருந்தது. வழிப்போக்கர் அங்கே உட்காரலாம், வீட்டார் அங்கிருந்து தெருவைப் பார்க்கலாம். வாசலில் கோலம், ஓரத்தில் வற்றல், நடுவில் பிள்ளைகளின் பம்பரம் என்று தெரு பலருக்கும் பயன்பட்டது. ஒரே பொருள் நாள் முழுக்க ஓரிடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் வழக்கம் அங்கே இல்லை. ஏரியைத் தூர்த்து 1920-களில் உருவான தியாகராய நகரும், பின்னர் வீட்டுவசதி வாரியம் அமைத்த அண்ணா நகரும் அகலமான சாலைகளோடு திட்டமிடப்பட்டவை. என்றாலும் அவையும் ஒரு மனையில் ஒரு வீடு என்ற கணக்கில் எழுந்தவையே.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சுமார் 1.4 மீட்டர் அகலமே கொண்ட அந்தக் கார் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டியது. பின்வந்த ஆண்டுகளில் வங்கிக் கடன் எளிதானது. கார்களின் எண்ணிக்கையோடு அவற்றின் உடம்பும் பெருத்தது. அதே காலத்தில் 2400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு மனையில் இருந்த தனி வீடு இடிக்கப்பட்டு ஆறு, எட்டு குடியிருப்புகளாக எழுந்தது. தரைத்தளம் தூண்களின் மேல் நிற்கும் வண்டி நிறுத்தமானது. ஒரு ஃபிளாட்டுக்கு ஒரு கார் என்று ஒதுக்கிய இடத்தில் கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, மகனுக்கு ஒரு பைக் என்று வந்தபோது மிச்சம் தெருவுக்கு இறங்கியது. சில கட்டடங்களில் அந்தத் தரைத்தளமே கடையாகவும் அலுவலகமாகவும் மாறிவிட்டது. தாழ்வான பகுதிகளில் மழைக்காலத்தில் தரைத்தளத்தில் தண்ணீர் நின்றுவிடுவதால், மேடான தெரு எது என்று தேடிக் கொண்டுபோய் வண்டியை விடுகிறார்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசை கட்டுவது 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தைக் கண்ட நகரத்துக்குப் புதிதல்ல.

அடுக்குமாடிக் கட்டடங்களின் நுழைவாயிலில் தொங்கும் ஒரு பலகை இந்தச் சிக்கலின் மையத்தைக் காட்டுகிறது: ‘விருந்தினர் வாகனங்களை வெளியே நிறுத்தவும்.’ வெளியே என்றால் எங்கே? அந்தக் கட்டடத்தின் கேட்டுக்கு முன்னால் நிறுத்தக் காவலாளி விடமாட்டார். எனவே அது அடுத்த வீட்டு வாசலாகிறது. விருந்தினர் வருவது அந்தக் கட்டடத்துக்கு. அவரது வண்டியைச் சுமப்பது பக்கத்து வீடு. கல்யாண மண்டபம், கிளினிக், டியூஷன் சென்டர், மெஸ், வழிபாட்டுத் தலம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தம்மிடம் வருவோரின் வண்டிகளுக்கு இடம் வைக்காமல் தொழிலோ நிகழ்ச்சியோ நடத்துவோர், தம் செலவின் ஒரு பகுதியை அக்கம்பக்கத்தாரின் தலையில் வைக்கிறார்கள். தியாகராய நகர் உஸ்மான் சாலைக்குத் துணியெடுக்கப் போகிறவரின் கார் அதன் பக்கத்துத் தெருவில் யாரோ ஒருவர் வாசலில் நிற்பதும் இதே கதைதான்.

வண்டியை நிறுத்தியவருக்கு அந்தக் காரியம் கதவைச் சாத்தியதோடு முடிந்துவிடுகிறது. தெருவுக்கு அது அப்போதுதான் தொடங்குகிறது. ஒருவர் பிறர் வழியில் நேரில் நின்றால் ‘கொஞ்சம் தள்ளுங்க’ என்று கேட்கலாம்; அவரும் முகத்தைப் பார்த்து விலகுவார். வண்டி மட்டும் நிற்கும்போது கேட்பதற்கு ஆளில்லை. அதனால் யாருக்கு என்ன இடைஞ்சல் ஆயிற்று என்பது நிறுத்தியவருக்குக் கடைசிவரை தெரியாமலே போகிறது. இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வருபவர் தெரு அமைதியாக இருப்பதைக் கண்டு எந்தத் தொந்தரவும் நேரவில்லை என்றே நம்பிக் கிளம்புகிறார். பிறர் வாசலில் வண்டி நிறுத்துவோரில் பலர் கெட்டவர்கள் அல்லர். தாம் இல்லாத நேரத்தில் அந்த இடத்தில் என்ன நடக்கும் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்காதவர்கள். அந்த ஒரு நிமிட எண்ணம்தான் இந்த விஷயத்தில் அறம் என்று சொல்லத்தக்கது. வேறு பெரிய தியாகம் எதையும் யாரும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் நடப்பவை சிறியவை, ஆனால் பட்டவருக்குக் கனமானவை. விடியலில் வாசல் தெளிக்க வருகிற பெண், இரவெல்லாம் நின்ற காரின் முன்சக்கரத்தைத் தன் கோலத்தின் இடத்தில் பார்க்கிறாள். பம்பருக்கும் படிக்கும் நடுவே கிடைத்த முழ இடத்தில் நான்கு புள்ளியில் ஒன்றைப் போட்டுவிட்டு உள்ளே போகிறாள். டயாலிசிஸுக்குக் கிளம்பும் முதியவருக்காக வந்த ஆட்டோ வாசலுக்கு வர முடியாமல் நான்கு வீடு தள்ளி நிற்கிறது. அந்த நான்கு வீட்டுத் தூரம் அவருக்கு ஒரு மைல். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு நடைபாதையில் ஏறிய கார் ஒரு சுவர். குப்பை வண்டியின் பணியாளர் தள்ளுவண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டுக் கூடையைக் கையில் சுமக்கிறார். கேட்டுக்கு முன்னால் சைடு லாக் போட்ட பைக் நின்றால் அதை உருட்ட முடியாது. இரண்டு பேர் பின்சக்கரத்தைத் தூக்கித் தூக்கி நகர்த்த வேண்டும். வீட்டில் இருப்பது வயதான தம்பதி என்றால் தெருவில் போகிறவரைத்தான் கூப்பிட வேண்டும்.

சட்டம் இவர்களின் பக்கம் தெளிவாகவே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு, பொது இடத்தில் பிறருக்கு ஆபத்தோ இடையூறோ தேவையற்ற தொல்லையோ ஏற்படும்படி வண்டியை நிறுத்திவைப்பதைத் தடை செய்கிறது. ஒரு கட்டடத்தின் நுழைவாயிலை மறித்து நிறுத்தக் கூடாது என்பது 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே உண்டு. அவற்றுக்கு மாற்றாக வந்த 2017-ஆம் ஆண்டின் ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் அதை வைத்திருக்கின்றன. நடைபாதைமேல் நிறுத்துவதும், நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் இணையாக நிறுத்துவதும் இரண்டிலுமே தவறு. 127-ஆம் பிரிவின்படி, பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியையும் தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியையும் இழுத்துச் செல்லவோ சக்கரத்தைப் பூட்டவோ காவல் அதிகாரி உத்தரவிடலாம். இழுத்த செலவு உரிமையாளருடையது. போக்குவரத்துக்குத் தடையாக வண்டியை வைத்திருப்பதற்கு 201-ஆம் பிரிவின் கீழ் முன்பு மணிக்கு 50 ரூபாய் என்றிருந்த தண்டனை, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 500 ரூபாய் வரை என்றானது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவு, பொது வழியில் தடை ஏற்படுத்துவோருக்கு 5000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

அதே சட்டம் வீட்டுக்காரரின் கையையும் கட்டுகிறது. நகரத்தின் எந்தக் குடியிருப்புத் தெருவிலும் சுவரோரமாகப் பார்த்தால் கருங்கல், சிமென்ட் நிரப்பிய பெயின்ட் டப்பா, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, பூந்தொட்டி வரிசை, கம்பி வேலி போட்ட சிறு தோட்டம் இவற்றில் ஒன்று தென்படும். இவை எல்லாம் பொது இடத்தை வளைத்துக்கொள்ளும் வழிகள். கேட்டிலிருந்து தெருவின் கால்வாசி வரை நீளும் சிமென்ட் சாய்தளமும் அப்படியே. நடப்பவர் அதில் இடறுகிறார், மழைநீர் வழி அடைபடுகிறது. தன் காரைத் தெருவில் நிறுத்தும் இடத்தை மற்றவர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கல் வைப்பவர், தன் வாசலில் நிறுத்தாதே என்று கேட்கும் தகுதியைத் தானே குறைத்துக்கொள்கிறார். ‘மீறி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்’ என்ற பலகை இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிறர் வண்டியின் காற்றைப் பிடுங்குவதும் கண்ணாடியை உடைப்பதும் ஆணியால் கீறுவதும் சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் செயல்கள். அவற்றுக்காக வீட்டுக்காரர்மேல் வழக்கு வரக்கூடும். காற்றிறங்கிய வண்டி அங்கிருந்து நகரவும் நகராது. இடைஞ்சல் இன்னும் நீளும்.

நடைமுறையில் பலன் தருபவை எளியவை. முதலாவது பேச்சு. ‘யாருய்யா வண்டி இது?’ என்று தெருவைப் பார்த்துக் கத்தினால் வண்டிக்காரர் வரும்போதே தற்காப்போடு வருவார். ‘சார், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?’ என்றால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சாவியை எடுப்பவர்கள்தான் அதிகம். தினமும் அதே வண்டி அதே இடத்தில் நிற்கிறது என்றால், அவசரமில்லாத ஒரு மாலையில் உரிமையாளரைச் சந்தித்து, கேட்டைத் திறந்து கார் எப்படித் திரும்புகிறது என்பதை அவர் கண்முன் ஒரு முறை ஓட்டிக் காட்டுவது பத்து வாக்குவாதங்களைவிட மேலானது. எதிர்வீட்டு ஓரம்கூட எப்படி இடைஞ்சலாகிறது என்பது அப்போதுதான் விளங்கும். ஆளைத் தெரியாத வண்டியானால் வைப்பருக்கு அடியில் ஒரு சீட்டு வைக்கலாம்: எந்த வீடு, என்ன சிரமம், எவ்வளவு தள்ளி நிறுத்தினால் போதும் என்ற மூன்று செய்திகள் போதும். வசவு வேண்டாம்.

இரண்டாவது, வண்டிக்காரர் செய்ய வேண்டியது. முன்கண்ணாடிக்கு உள்ளே கைப்பேசி எண் எழுதிய ஒரு அட்டை இருந்தால், வண்டிக்குச் சொந்தக்காரர் தெருவில் இல்லாத குறை பெருமளவு நீங்கிவிடுகிறது. பதிவு எண்ணை வைத்து அரசின் எம்பரிவாகன் செயலியில் தேடினால் உரிமையாளர் பெயர் அரைகுறையாக மறைக்கப்பட்டே வரும். தொலைபேசி எண் வராது. அந்தரங்கம் கருதி அப்படி வைத்திருப்பது சரியே. அதனால் எண்ணைத் தாமாகவே விட்டுச் செல்லும் பொறுப்பு வண்டிக்காரருடையதாகிறது. எண்ணை வைத்துவிட்டு அழைப்பை எடுக்காமல் இருப்பது எண் வைக்காததைவிட மோசம். எதிரில் இருப்பவர் காத்திருந்து ஏமாறுகிறார்.

மூன்றாவது, தெருவின் கூட்டு ஒப்பந்தம். குடியிருப்போர் நலச் சங்கம் உள்ள இடங்களில் ஒரு பக்கம் மட்டும் நிறுத்துவது, மாதத்துக்கொரு முறை பக்கத்தை மாற்றிக்கொள்வது, முனைகளில் இரண்டு கார் நீளம் காலியாக விடுவது என்று பேசி முடிவெடுக்கலாம். கல்யாண மண்டபம் இருக்கும் தெருவானால் நிர்வாகத்திடம் பேசி, முகூர்த்த நாட்களில் வாசல்களைப் பார்த்துக்கொள்ள அவர்களே ஓர் ஆளை நிறுத்தும்படி செய்யலாம். இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்குச் சட்டத்தின் பலம் இல்லை; ஆனால் தெருவில் எல்லோரும் ஒருவரையொருவர் நாளையும் பார்க்க வேண்டியிருப்பதால் அதற்கு வேறொரு பலம் உண்டு.

இவை எதுவும் பலிக்காதபோது புகார் கொடுப்பதில் தயங்க வேண்டியதில்லை. கேட்டும் வண்டியின் எண்ணும் ஒரே படத்தில் தெரியும்படி நேரத்தோடு புகைப்படம் எடுத்துக்கொண்டு, 100 அல்லது 112-ஐ அழைக்கலாம். மீண்டும் மீண்டும் நடந்தால் போக்குவரத்துக் காவலில் எழுத்தில் கொடுக்கலாம். மாதக்கணக்கில் தூசு படிந்து, டயர் அமுங்கி, அடியில் நாய் குட்டி போட்டிருக்கும் வண்டிகள் தனி வகை. அவற்றைச் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் தெரிவிக்கலாம். தொடர்ந்து தீராத பொதுத் தொல்லைக்கு நிர்வாக நடுவரிடம் முறையிட்டு அதை அகற்றும் உத்தரவு பெறவும் வழியுண்டு. இதற்கு வழிசெய்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆம் பிரிவாக இருக்கிறது.

ஆயினும் ஒவ்வொரு வாசலிலும் தனித்தனியே சமாதானம் பேசி ஒரு நகரத்தைச் சீர் செய்துவிட முடியாது. ஜப்பான் 1962-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கார் வாங்குபவர் தனக்குச் சாலைக்கு வெளியே நிறுத்த இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்று பெற வேண்டும்; அந்த இடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இரவில் எட்டு மணி நேரத்துக்கு மேல் தெருவில் வண்டியை விடுவதும் அங்கே குற்றம். டோக்கியோவின் தெருக்கள் சென்னைத் தெருக்களைவிட அகலமானவை அல்ல. அவற்றில் பல இன்னும் குறுகியவை. அங்கே வாசல்கள் திறந்திருப்பதற்குக் காரணம், காரை வாங்கும் முன்பே அதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை சொல்ல வைத்ததுதான்.

அமெரிக்கப் பொருளியலாளர் டொனால்டு ஷூப் 2005-இல் வெளியிட்ட ‘தி ஹை காஸ்ட் ஆஃப் ஃப்ரீ பார்க்கிங்’ என்ற நூலில் வேறொரு கோணத்தை வைத்தார். ஒரு கார் தன் வாழ்நாளில் சுமார் 95 சதவீதம் நின்றுகொண்டே இருக்கிறது. அது நிற்கும் இடத்துக்கு வண்டிக்காரர் விலை கொடுக்காதபோது அந்த விலையை மற்ற எல்லோரும் கொடுக்கிறார்கள் என்பது அவர் வாதம். தெருவோர நிறுத்தத்துக்குக் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தை அதே தெருவின் நடைபாதைக்கும் விளக்குக்கும் மரத்துக்கும் செலவிட வேண்டும் என்றார். கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரம் 1993-இல் தன் பழைய கடைவீதியில் இதைச் செய்து பார்த்தது; வீதி செழித்தது. சென்னையில் தியாகராய நகரின் பாண்டி பஜார் 2019-இல் நடைபாதை வளாகமானது; அருகே பல அடுக்கு வாகன நிறுத்தமும் எழுந்தது. கடைவீதியின் சுமையைக் குடியிருப்புத் தெருக்களிலிருந்து இறக்க இத்தகைய இடங்கள் தேவை. ஆனால் பக்கத்துத் தெருவில் இலவசமாக விடலாம் என்று இருக்கும்வரை கட்டணம் கொடுத்து மேலே ஏறுவோர் குறைவாகவே இருப்பார்கள். தெருவின் விதியைக் காப்பதும் நிறுத்தக் கட்டடம் கட்டுவதும் சேர்ந்தே நடக்க வேண்டியவை.

பிறருக்கு வழிவிட்டு வண்டி நிறுத்துவது ஆகிற காரியமா என்ற சந்தேகத்துக்கு இந்தத் தெருக்களே பதில் வைத்திருக்கின்றன. பங்குனித் தேருக்கு மயிலாப்பூர் மாட வீதிகளில் வண்டிகள் விலக்கப்படுகின்றன. தேரின் அகலத்தை எல்லோரும் அறிந்திருக்கிறார்கள். எந்தத் தெருவிலும் ஒரு சாவு விழுந்தால், பந்தல் போடும் முன்பே அக்கம்பக்கத்தார் தத்தம் கார்களை எடுத்துவிடுகிறார்கள். அமரர் ஊர்தி உள்ளே வர வேண்டும், நாற்காலி போட இடம் வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருப்பதில்லை. பிறர் தேவையை முன்கூட்டி நினைத்து வழிவிடும் பழக்கம் இங்கே இல்லாமல் இல்லை. அது சிறப்பு நாட்களுக்கும் துக்க நாட்களுக்கும் மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சாதாரண செவ்வாய்க்கிழமைக்கும் அது வந்தாக வேண்டும்.

அதற்கு வேண்டியவை சிலவே. வண்டியைப் பூட்டும் முன் இருபுறமும் எதிரிலும் உள்ள கேட்டுகளைப் பார்ப்பது, மிஞ்சிய வழியில் ஓர் ஆம்புலன்ஸ் போகுமா என்று அளப்பது, எண்ணை விட்டுச் செல்வது ஆகியவை ஓட்டுபவரின் கடமை. சுவரோரத்தைத் தனதென்று வளைக்காமல், கேட்டின் உரிமையை மட்டும் உறுதியாகக் கேட்பது வீட்டுக்காரரின் கடமை. தம்மிடம் வருவோருக்கு இடம் வைப்பது கட்டடம் கட்டுவோரின், தொழில் நடத்துவோரின் கடமை. இவற்றை மீறுவோர்மேல் ஆளைப் பார்க்காமல் விதியைச் செலுத்துவதும், கார்கள் பெருகும் வேகத்துக்கு முன்பாக அவற்றுக்கு இடம் வகுப்பதும் அரசின் கடமை.